எல்லைக்கல்லும் ரூபன் கார்ஸ்தார்ப்பின் பின்புறமும்

சிலருக்குப் பேர் சோறு போடும். சிலருக்கு மாலை வாங்கித் தரும். ரூபன் கார்ஸ்தார்ப்புக்கு அவருடைய பேர் வருஷம் தவறாமல் வாங்கித் தந்தது பின்புறத்தில் இடி. அதுவும் கருங்கல்லில்.

அவர் பிறந்தது ஆலர்பி கிராமத்தில். அப்பனும் பாட்டனும் அவர்களுக்கு முந்தியவர்களும் அங்கேதான் பிறந்தார்கள். ஆலர்பி கல்லறையில் படுத்திருக்கும் கார்ஸ்தார்ப்புகளை எழுப்பி நிறுத்தினால் இரண்டு கிரிக்கெட் டீம் தேறும், நடுவருக்கும் ஆள் மிஞ்சும். அந்த வீட்டுக்கு வாழ வந்த பெண்களும் ஆலர்பிக்காரிகளே. இத்தனை இருந்தும் ஊரார் வாயில் ரூபன் என்றால் அசலூர்க்காரர். ஏனென்றால் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கார்ஸ்தார்ப் என்று இன்னொரு கிராமம் இருந்து தொலைத்தது. இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் "கடவுள் காக்க" என்பார்கள், அவ்வளவு கிட்டம். கிட்டத்தில் இருக்கிற ஊரைத்தானே மனிதர்கள் ஆத்திரத்தோடு வெறுக்க முடியும்!

பேர்களில் பெரிய பகையும் ஒன்றும் இல்லை. அந்தக் காலத்தில் இங்கிலாந்துக்கு வந்து குடியேறிய டேனிஷ்காரர்கள் வைத்துவிட்டுப் போன பேர்கள். ஆலர்பி என்றால் ஆல்டர் மரப் பண்ணை. கார்ஸ்தார்ப் என்றால் புல்லுக்காட்டில் ஒதுங்கிய குடியிருப்பு. மரத்துக்கும் புல்லுக்கும் என்ன சண்டை? ஆனால் ஊருக்குச் சண்டை வேண்டுமே.

விண்ணேற்றத் திருநாள் அன்று ஆலர்பிக்காரர்கள் ஊர் எல்லையைச் சுற்றி நடப்பார்கள். தோல் உரித்த வில்லோ மரக் குச்சியால் எல்லை மரங்களையும் கற்களையும் அடிப்பார்கள். எது நம்முடையது, எது பக்கத்து ஊர்க்காரனுடையது என்று ஊர் மறக்காமல் இருப்பதற்கு இந்த ஏற்பாடு. வாய்க்காலோரம் கார்ஸ்தார்ப்போடு சேரும் இடத்தில் ஒரு கருங்கல் நிற்கிறது. அங்கே குச்சி போதாது. அங்கே ஒரு கார்ஸ்தார்ப்காரனைக் கையும் காலுமாகத் தூக்கி, கல்லின் மேல் மூன்று முறை பின்புறத்தால் இடிக்க வேண்டும். அப்போதுதான் கார்ஸ்தார்ப்புக்கு எல்லை எது என்று உறைக்குமாம். நிஜ கார்ஸ்தார்ப்காரன் இடிபட வருவானா? வரமாட்டான். ஆகவே பேரளவில் கார்ஸ்தார்ப்பாக இருந்தவர்களைப் பிடித்தார்கள். ரூபனின் பாட்டன் இடிபட்டார், அப்பன் இடிபட்டார், பால்பல் விழாத வயதிலிருந்து ரூபன் இடிபடுகிறார்.

ஆலர்பிக்காரர்கள் இரக்கமில்லாதவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். ரூபனுக்கு அறுபது வயதானபோது ஊர்க்குழு கூடி, இனி அவர் ஒரு மெத்தை வைத்துக்கொள்ளலாம் என்று ஏகமனதாகத் தீர்மானம் போட்டது. அவர் மனைவி ஹெட்டி வாத்து இறகு அடைத்து ஒரு மெத்தை தைத்தாள். அதன் மேல் சிவப்பு நூலால் ஒரு ரோஜாவும் பின்னினாள். இடிக்கிறவர்களே "நல்லா இருக்கு ஹெட்டி" என்று பாராட்டினார்கள்.

இடியை ரூபன் பொறுத்துக்கொண்டார். அவர் மனதில் வேறொரு ஆசை இருந்தது. எல்லை நடையின் முன்னால் பித்தளைக் குமிழ் வைத்த நீளமான கோல் ஒன்று போகும். ஊரில் பிறந்தவர்களில் மூத்தவர் அதைப் பிடித்து நடப்பார். எல்லாம் சுற்றி முடித்து சர்ச் வாசலுக்கு வந்ததும், உள்ளே நிற்கும் பாதிரியார் "யார் வருவது?" என்று கேட்பார். கோல்காரர் ஊர் முழுவதற்குமாக ஒரே ஒரு சொல் சொல்வார்: "ஆலர்பி!" உடனே மணி அடிக்கும். அந்த ஒரு சொல்லைத் தன் வாயால் சொல்ல வேண்டும். ரூபன் வாழ்க்கையில் வேறெதற்கும் இப்படி ஏங்கியதில்லை. கோசுத் தோட்டத்தில் களை எடுக்கும்போதெல்லாம் நிமிர்ந்து நின்று "ஆலர்பி!" என்று சொல்லிப் பழகுவார்.

"கோசுக்கெல்லாம் ஊர்ப்பேரு பாடமாயிடுச்சு, விடுய்யா" என்பாள் ஹெட்டி.

அந்தக் குளிர்காலத்தில் கோல்காரர் சாம் டக்ஸ்வொர்த் கட்டிலிலேயே கண்ணை மூடினார். அடக்கத்தில் ரூபன் மனதார அழுதார். அழுதுகொண்டே கணக்கும் போட்டார். ஊரில் பிறந்தவர்களில் அடுத்த மூத்தவர் அவர்தான்.

வசந்தம் வந்ததும் 'மூன்று வாத்து' பப்பில் ஊர்க்குழு கூடியது. பப்பின் சொந்தக்காரரும் குழுத் தலைவரும் ஒரே ஆள்தான், கிளெமென்ட் போக்சன். ஊர் விஷயம் பேசும்போதும் பீர் ஊற்றும்போதும் அதே குரல், அதே நுரை.

"கோல் விஷயம் முடிவாயிடுச்சு" என்றார் போக்சன். "இந்த வருஷம் நம்ம மிஸ்டர் லயனல் ஆலர்பி பிடிக்கிறார்."

கூட்டம் கைதட்டியது. ரூபன் வாய்க்குக் கொண்டுபோன பன்றிக்கறி ரொட்டியைத் தட்டிலேயே திருப்பி வைத்தார்.

லயனல் ஆலர்பி யார் என்று சொல்லிவிடுகிறேன். பர்மிங்ஹாமில் பொத்தான் ஆலை நடத்தி ஓய்வு பெற்ற மனிதர். கெட்டவர் என்று சொன்னால் நாக்கு அழுகிப்போகும். ஒருநாள் வரைபடத்தில் எதையோ தேடியவர் கண்ணில் தன் பேரே ஒரு ஊராக நிற்பது பட்டிருக்கிறது. மறு மாதமே வந்து ஊர்க்கோடியில் காலியாகக் கிடந்த பெரிய வீட்டை வாங்கிவிட்டார். வந்து மூன்று கோடைகூட ஆகவில்லை. அதற்குள் ஊர்ப் பலகைக்குப் பக்கத்தில் நின்று அவர் எடுத்துக்கொண்ட படங்களை வரிசையாக ஒட்டினால் ஊரையே ஒரு சுற்று சுற்றிவிடலாம். "நாங்க ஆலர்பிகள்" என்று அவர் ஆரம்பித்தால் ஊரே நெஞ்சை நிமிர்த்திக் கேட்கும். தொலைந்துபோன பிள்ளை வீடு திரும்பிய மாதிரி அவர்களுக்கு ஒரு பூரிப்பு.

ரூபன் எழுந்தார். "யோவ் போக்சன், நான் பொறந்தது இந்த ஊரு. அவர் பொறந்தது பர்மிங்ஹாம்ல!"

"பொறப்பு எங்க வேணா நடக்கும் பெரியவரே" என்றார் போக்சன். "கோழிக்கூண்டுல பூனை குட்டி போட்டா அது கோழிக்குஞ்சா ஆயிடுமா? பேரைப் பாருங்க. அவர் பேரு ஆலர்பி. உங்க பேரு கார்ஸ்தார்ப். சர்ச் வாசல்ல நின்னு ஒரு கார்ஸ்தார்ப் 'ஆலர்பி'ன்னு சொன்னா பாதிரியாருக்கே சிரிப்பு வராதா?"

"கார்ஸ்தார்ப்ல நான் ஒரு ராத்திரி படுத்ததில்லைய்யா! ஒரு வாய் தண்ணி குடிச்சதில்ல!"

"அதுக்கு நாங்க என்ன பண்றது? உங்க பூர்வீகத்த நீங்கதான் போய்ப் பாத்திருக்கணும்."

லயனல் ஆலர்பி மரியாதையாகத் தொண்டையைக் கனைத்தார். "மிஸ்டர் கார்ஸ்தார்ப், உங்க வழக்கமான இடம் உங்களுக்குத்தான். இடி வாங்குற உரிமைய யாரும் உங்ககிட்ட இருந்து பறிக்க மாட்டோம். நானே பக்கத்துல நின்னு பாத்துக்குறேன்."

அதற்கும் கைதட்டினார்கள், பாவிகள். மெத்தையை இன்னும் கொஞ்சம் தடிமனாக்கிக்கொள்ளலாம் என்று கூடுதலாக ஒரு தீர்மானமும் நிறைவேறியது.

வீட்டுக்கு வந்த ரூபன் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் அடுப்பருகே உட்கார்ந்துவிட்டார். ஹெட்டி முழுக்கதையையும் கேட்டாள். மெத்தைத் தீர்மானம் வந்த இடத்தில் கரண்டியை மேசையில் ஓங்கி வைத்தாள்.

"இறகுக்கு எங்க போறதாம்? அவனுங்க பிடரியில இருந்து பிடுங்கட்டுமா?" பிறகு கொஞ்சம் அடங்கி, "இந்தாய்யா, ஒண்ணு கேக்குறேன். நீ கார்ஸ்தார்ப்காரன்னு இவனுங்க சொல்றானுங்க. அந்த ஊர்க்காரங்க என்ன சொல்றாங்க? கேட்டியா என்னிக்காவது?"

ரூபன் கேட்டதில்லை. அந்த வீட்டு ஆண்கள் யாருமே வாய்க்காலைத் தாண்டியதில்லை. தாண்டினால் "பாத்தியா, சொந்த ஊருக்குப் போறான்" என்று பேச்சு வரும் என்ற பயம்தான்.

மறுநாள் காலை ரூபன் பலகைப் பாலத்தில் காலை வைத்தார். திருடப் போகிறவர் மாதிரி இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார். அந்தக் கரையிலும் அதே சேறு, அதே கோசு. ஏதோ ஏமாந்துபோனது போல இருந்தது அவருக்கு.

கார்ஸ்தார்ப்பின் ரொட்டிக்கடையில் டார்கஸ் லீக் என்ற அம்மாள் நின்றிருந்தாள். கதவை அடைத்துக்கொண்டு நிற்கும் உடம்பு, முழங்கை வரை மாவு. அந்த ஊர் எல்லை நடையை நடத்துவதும் அவள்தான்.

"ஏம்மா, இந்த ஊர்ல கார்ஸ்தார்ப் வீட்டுக்காரங்க யாராவது இருக்காங்களா?" என்று ரூபன் கேட்டார்.

"எந்த வீட்டுக்காரங்க?"

"கார்ஸ்தார்ப். அந்தப் பேரு உள்ள குடும்பம்."

டார்கஸ் சிரித்த சிரிப்பில் தட்டில் இருந்த பன் குலுங்கியது. "இங்க எல்லாருமே கார்ஸ்தார்ப்தானேய்யா! இதுல எவனைத் தனியா அப்படிக் கூப்பிடறது? ஆத்துல கிடக்குற மீனு இன்னொரு மீன 'ஏ ஆத்து மீனே'ன்னா கூப்பிடும்? அப்படி ஒரு பேரு இந்த ஊர்ல எங்கம்மா காலத்துலயும் இல்ல, அவங்கம்மா காலத்துலயும் இல்ல. நீங்க யாரு?"

"நான்... ரூபன் கார்ஸ்தார்ப்."

"அடடே! அந்த ஆலர்பி ரூபனா! உங்களத் தூக்கிப் போட்டு இடிக்கிறத நான் சின்னப்புள்ளையில இருந்து பாக்குறேன். நாங்க இந்தப் பக்கம் நின்னு சொல்லிக்குவோம், 'பாரு, இந்த ஆலர்பிக் கிறுக்கனுங்க அவனுங்க ஊர் ஆளையே போட்டு இடிக்கிறானுங்க'ன்னு."

ரூபன் பக்கத்தில் இருந்த மாவு மூட்டையில் உட்கார்ந்துவிட்டார். ஆலர்பி ரூபன்! அவர் காதால் அப்படி ஒரு பேரைக் கேட்டது அதுதான் முதல் தடவை. அதையும் சொன்னது கார்ஸ்தார்ப்.

"இருங்க, உங்க கூட்டாளியக் கூப்பிடறேன்" என்று டார்கஸ் பின்வாசல் பக்கம் கத்தினாள். "டோபியாஸ்! ஏ டோபியாஸ்!"

இரண்டு தடிகளை ஊன்றிக்கொண்டு ஒரு கிழவர் வந்தார். எங்கேயோ பார்த்த முகம். ரூபன் தலையைப் பின்னால் சாய்த்து, தலைகீழாகப் பார்த்தார். உடனே அடையாளம் தெரிந்துவிட்டது. எதிர்க் கிழவரும் அதே நேரத்தில் தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அட, நீயா!" என்றார்கள் இருவரும்.

கார்ஸ்தார்ப்காரர்களும் அதே நாளில், அதே நேரத்தில்தான் எல்லை நடப்பார்கள். ஒரு ஊர் தனியாகப் போனால் கல்லை நகர்த்திவிடும் என்று இன்னொரு ஊருக்குச் சந்தேகம். அவர்களும் அதே கல்லில் ஒரு ஆலர்பிக்காரனை இடிப்பார்கள். அந்த ஆள் டோபியாஸ் ஆலர்பி. கார்ஸ்தார்ப்பில் பிறந்து வளர்ந்து பல் கொட்டிய மனிதர். இந்த இரண்டு பேரும் சிறுவயதிலிருந்து வருஷத்துக்கு ஒருமுறை, கல்லுக்கு இப்பாலும் அப்பாலும், ஒருவர் மாற்றி ஒருவர் தலை தொங்கிய நிலையில் சந்தித்து வந்திருக்கிறார்கள். நேராக நின்று பார்த்துக்கொண்டதே இல்லை.

சூடான ரொட்டியும் டீயும் வந்தன. ரூபன் தன் குறையைச் சொன்னார். டோபியாஸ் தடியில் தாடையை வைத்துக் கேட்டார்.

"இத நான் இடிபடுறப்பவே யோசிச்சிருக்கேன்" என்றார். "அப்பதான் எனக்கு யோசிக்க நேரம் கிடைக்கும். இங்க ஒரு ஜான் இருந்தான்னு வச்சுக்க. இங்க இருந்த வரைக்கும் அவன் நொண்டி ஜானோ, செம்பட்டை ஜானோ. ஒருநாள் மூட்டையத் தூக்கிக்கிட்டு ஆலர்பிக்குக் குடிபோறான். அங்க ஏற்கெனவே ஏகப்பட்ட ஜான். 'எந்த ஜான்?' 'அதான்யா, கார்ஸ்தார்ப்ல இருந்து வந்தானே, அவன்.' முடிஞ்சுபோச்சு. அதுவே பேராயிடுச்சு."

"அப்ப இந்தப் பேர எங்களுக்கு வச்சது..."

"உங்க ஆலர்பிதான்! எங்க ஊர்ல இந்தச் சரக்கே கிடையாது. அது ஆலர்பி வாயில பொறந்த பேரு. என்னுது இந்த ஊர் வாயில பொறந்தது. ஊர்ப்பேர வீட்டுப்பேரா வச்சிருக்கிறவன் அந்த ஊர விட்டுப் போனவன், அவ்வளவுதான்."

ரூபன் வாயில் இருந்த ரொட்டியை மென்று விழுங்க மறந்தார். கோபமா சந்தோஷமா என்று அவருக்கே தெரியவில்லை. "அப்ப அந்த பர்மிங்ஹாம் மனுஷன்?"

"அவன் முப்பாட்டன் ஆலர்பி வேண்டாம்னு கிளம்பிப் போனவன். அங்கேயே இருந்திருந்தா எவன் அவனை ஆலர்பின்னு கூப்பிட்டிருப்பான்?"

டார்கஸ் மாவுக் கையை இடுப்பில் வைத்தாள். அவளுக்கு யோசனை வேறு பக்கம் ஓடியது. "உங்க பக்கம் ஆலர்பிங்கிற பேர்ல ஒருத்தர் இருக்காரா? நல்ல திடமான ஆளா? இங்க பாருங்க, டோபியாஸுக்கு இடுப்பு போச்சு. தூக்கினா செத்துடுவாருன்னு டாக்டர் சொல்லிட்டாரு. இந்த வருஷம் யார இடிக்கிறதுன்னு நானே மண்டைய உடைச்சிட்டு இருக்கேன்."

ரூபன் டீயை முடித்துவிட்டு எழுந்தார். அவர் நல்ல மனிதர். ஆனால் போகும்போது லயனல் ஆலர்பி எப்படி இருப்பார், எந்த நிறத் தொப்பி போடுவார் என்பதை மட்டும் கேட்காமலேயே சொல்லிவிட்டுப் போனார்.

திருநாள் வந்தது. முந்தின நாள் மழையில் வயல்வெளியெல்லாம் சகதி. சர்ச் வாசலில் ஊர் கூடியது. பாதிரியாருக்குக் கால்வாதம், ஆகவே அவர் வழக்கம்போல் உள்ளே நாற்காலியில் தங்கிவிட்டார். புதுக் கோட்டும் பச்சைத் தொப்பியுமாக லயனல் ஆலர்பி நின்றார். போக்சன் அவர் கையில் கோலைக் கொடுத்து, எல்லார் காதிலும் விழும்படி சட்டம் சொன்னார்.

"கெட்டியாப் பிடிச்சுக்கணும் சார். கோலு கீழ விழுந்தா அந்தக் கைக்கு மறுபடி போகாது. அங்க நிக்கிறதுல மூத்த ஆலர்பிக்காரன் எடுக்கணும். கோல் வச்சிருக்கிறவரை ஒருத்தரும் தொடக்கூடாது. இது எங்க தாத்தன் காலத்துச் சட்டம்."

"என் உயிர் போனாலும் விடமாட்டேன்" என்றார் லயனல்.

கூட்டத்தின் வாலில் ரூபன் மெத்தையை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்தார். பக்கத்தில் ஹெட்டி. ஆப்பிள் தோட்டத்து மூலையில் போக்சனை ஓரம்கட்டி, பேர் எப்படி வந்தது என்ற கணக்கை எடுத்துச் சொல்லிப் பார்த்தார். போக்சன் வில்லோக் குச்சியால் ஒரு மரத்தை ஓங்கி அடித்தார்.

"இதையெல்லாம் யோசிச்சா ஊர்வலம் நகருமா பெரியவரே? போன வருஷம் எப்படியோ, இந்த வருஷமும் அப்படியே. மெத்தை கொண்டு வந்தீங்களா?"

"கொண்டு வந்திருக்காரு" என்றாள் ஹெட்டி. "யாருக்கு உதவுதுன்னு பாப்போம்."

கல்லுக்கு வந்தபோது அந்தப் பக்கம் கார்ஸ்தார்ப் ஏற்கெனவே கூடி நின்றது. முதல் இடி ஒரு வருஷம் இவர்களுக்கு, மறு வருஷம் அவர்களுக்கு. இந்த வருஷம் அவர்கள் முறை. டோபியாஸ் தடிகளோடு ஒரு ஸ்டூலில் சொகுசாக உட்கார்ந்திருந்தார். டார்கஸ் முன்னால் வந்தாள்.

"ஆலர்பி யாரு உங்கள்ல?"

"நாங்கதான்!" என்று ஊரே கத்தியது.

"ஊரக் கேக்கல. பேரைக் கேக்குறேன். ஆலர்பிங்கிற பேருக்குச் சொந்தக்காரர் யாரு?"

லயனல் முகம் விளக்கேற்றியது போல ஆனது. தன்னை வரவேற்கத்தான் பக்கத்து ஊரே திரண்டு நிற்கிறது என்று நினைத்துவிட்டார். தொப்பியைக் கழற்றி, ஒரு காலை முன்னால் வைத்து, தலை குனிந்து வணங்கினார்.

"நான்தான் அம்மா. லயனல் ஆலர்பி. பரம்பரை ஆலர்பி!"

"சந்தோஷம்" என்றாள் டார்கஸ். "பிடிங்கடா!"

ஆலர்பிக் கோலின் சட்டமெல்லாம் கார்ஸ்தார்ப்புக்கு ஏது? நாலு தடியர்கள் கையையும் காலையும் பிடித்துத் தூக்கினார்கள். உயிர் போனாலும் விடமாட்டேன் என்றாரே, அந்தக் கோல் முதலில் போனது. சேற்றில் 'சொத்' என்று விழுந்தது. பொத்தான் ஆலை முதலாளி வானத்தைப் பார்த்தபடி மிதந்தார்.

"ஏய்! விடுங்கடா அவரை!" போக்சன் குதித்தார். "அவரு எங்க ஊர்க்காரரு!"

"அதனாலதானே இடிக்கிறோம்!" என்றாள் டார்கஸ். "எங்களுக்குத் தேவை ஆலர்பிக்காரன். பேரை வச்சுத்தான் ஆளக் கண்டுபிடிக்கணும்னு நீங்கதானே காலங்காலமா ரூபனப் போட்டு இடிச்சுக் காட்டுறீங்க?"

போக்சன் ஓங்கிய குச்சியைக் கீழே இறக்கினார். அவர் கையாலேயே கட்டின சட்டம் அது. ரூபனை இடிக்கலாம் என்றால் லயனலையும் இடிக்கலாம். லயனலுக்குக் கோல் கொடுத்த அதே நியாயம்தான் இப்போது அவர் காலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டிருந்தது.

அந்த நேரத்தில் ரூபன் முன்னால் போனார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து, சேற்றில் கிடந்த கோலை எடுத்தார். எடுத்த கையோடு, மற்றக் கையில் இருந்த மெத்தையைக் கல்லின் மேல் போட்டார்.

"மொதத் தடவை. கொஞ்சம் வலிக்கும் சார்" என்றார். "பல்லைக் கடிக்காதீங்க. மூச்ச விட்டுடுங்க."

ஒன்று, இரண்டு, மூன்று. கார்ஸ்தார்ப் ஆர்ப்பரித்தது. இறக்கிவிட்ட லயனல் தலை கலைந்து, கன்னம் சிவந்து, தள்ளாடி நின்றார். ரூபனுக்கே பாவமாகிவிட்டது. ஆனால் அந்த மனிதர் சுற்றிலும் பார்த்துவிட்டு டார்கஸிடம் குழைந்த குரலில் கேட்டார்: "இங்க... ஆலர்பிங்கிற பேருக்குன்னு இவ்வளவு காலமா ஒரு இடம் வச்சிருக்கீங்களா?"

"வச்சிருக்கோம்யா. இதோ இவரும் ஆலர்பிதான். உங்க பங்காளியா இருந்தாலும் இருப்பாரு" என்று டார்கஸ் டோபியாஸைக் காட்டினாள். லயனல் ஓடிப்போய் டோபியாஸின் கையைப் பிடித்துக்கொண்டார். அடுத்த வருஷமும் தன்னையே கூப்பிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அப்படியே அவர்கள் பீரைக் குடித்து, அவர்கள் ரொட்டியைத் தின்று, அந்த ஊர்ப் பக்கமே நின்றுவிட்டார்.

"சரி, நம்ம முறை" என்று போக்சன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ரூபன், கோலை இங்க குடுத்துட்டு வாங்க."

"குடுக்க மாட்டேன்" என்றார் ரூபன். "விழுந்த கோலை மூத்தவன் எடுக்கணும், எடுத்தவனைத் தொடக்கூடாது. காலைல நீதானே சொன்ன, உங்க தாத்தன் சட்டம்னு."

"அப்ப யாரை இடிக்கிறது? கல்லை வெறுமனே விட்டுட்டுப் போனா இவனுங்க சிரிப்பானுங்களே! ஒரு கார்ஸ்தார்ப்காரன் வேணுமே!"

ரூபன் கோலை ஊன்றி நிமிர்ந்தார். ஆயுசில் முதல் தடவையாக அந்தக் கல்லருகே அவர் உலகத்தை நேராகப் பார்த்தார். எல்லா முகமும் தெரிந்தது.

"கார்ஸ்தார்ப்காரனுக்கா பஞ்சம்? கிளெமென்ட், உங்கம்மா எந்த ஊரு?"

போக்சன் குனிந்து பூட்ஸில் ஒட்டிய சேற்றைக் குச்சியால் சுரண்டினார். அந்தப் பக்கத்திலிருந்து டார்கஸ் சொன்னாள்: "எங்க அத்தைதான்! கல்யாணத்தன்னிக்கு எங்க ரொட்டி வண்டியிலதான் ஏத்தி அனுப்பினோம். டேய் கிளெமென்ட், அத்தை மவனே, இவ்வளவு நாளா எட்டியே பாக்கலையேடா!"

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ரூபன் அந்தப் பக்கம் திரும்பினார். "சிரிக்கிறது யாரு, செருப்புக்கடை ஆல்பர்ட்டா? உங்க பாட்டி எந்த ஊரு? மணியடிக்கிற பர்சி, உன் அம்மா?"

ஒருத்தருக்கும் மற்றவர் கண்ணைப் பார்க்க முடியவில்லை. எல்லார் வீட்டிலும் ஒரு கார்ஸ்தார்ப் பெண் வாழ வந்திருக்கிறாள். சமைத்துப் போட்டு, பெற்று வளர்த்து, புருஷன் பேரைச் சுமந்து மண்ணுக்குள் போயிருக்கிறாள். பேர் அப்பன் வழி போனதால் ஊர் அவளை மறந்துவிட்டது. அந்த ஊர்ப் பெண்கள் எட்டிப் பார்க்காத வீடு ஆலர்பியில் ஒன்றே ஒன்றுதான். கல்யாணமாகிப் போகிற ஊரிலும் தன்னைக் கார்ஸ்தார்ப் என்றே கூப்பிடுவதாக இருந்தால் எந்தக் கார்ஸ்தார்ப்காரி அந்த வீட்டுக்கு வருவாள்? ஆகவே தலைமுறை தலைமுறையாக ஆலர்பிப் பெண்களையே கட்டி, அந்த முதல் ஜானை விட்டால் கலப்பில்லாத ஆலர்பி ரத்தமாக அங்கே நின்றது ரூபன் கார்ஸ்தார்ப் ஒருவர்தான்.

"ஐயோ ஆண்டவரே" என்றார் செருப்புக்கடை ஆல்பர்ட், தொப்பியைக் கழற்றியபடி. அது அவர் பாட்டிக்காகவா, தனக்கு வரப்போவதை நினைத்தா, தெரியவில்லை.

"வரிசையா நில்லுங்க" என்றாள் ஹெட்டி. "தலைவர் முன்னாடி வரட்டும்."

"மெத்தை?" என்று போக்சன் ஈனக்குரலில் கேட்டார்.

"அது அறுபது தாண்டினவங்களுக்கு மட்டும்" என்றார் ரூபன். "நீதானே தீர்மானம் போட்ட."

அன்றைய இடி மத்தியானம் தாண்டியும் ஓயவில்லை. பாதியில் ஆள் போதாமல் கார்ஸ்தார்ப்காரர்களே வாய்க்காலைத் தாண்டி வந்து கை கொடுத்தார்கள். தூக்கும்போதே "நீ எங்க எமிலி அத்தை பேரன்தானே?" என்று விசாரித்துக்கொண்டு தூக்கினார்கள். இடிபட்டவன் வலியோடு "ஆமா, அத்தை சௌக்கியமா?" என்றான். இத்தனை வருஷப் பகை அப்படி ஒரு அலங்கோலத்தில் போய் முடிந்தது.

மாலை வெயிலில் ஊர் திரும்பியது. முன்னால் ரூபன், பின்னால் நொண்டிக்கொண்டும் தடவிக்கொண்டும் மொத்த ஆலர்பி. சர்ச் வாசல் நெருங்க நெருங்க ரூபன் கோலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கோசுத் தோட்டத்தில் நூறாயிரம் தடவை சொன்ன சொல்லை மனதுக்குள் இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தார்.

உள்ளேயிருந்து பாதிரியாரின் குரல் வந்தது. "யார் வருவது?"

ரூபனால் சொல்ல முடியவில்லை. கண் நிறைந்துவிட்டது.

"யார் வருவது?"

ஹெட்டி முதுகில் ஒரு குத்து விட்டாள்.

"ஆலர்பி" என்றார் ரூபன். சத்தம் காற்றாகத்தான் வந்தது.

"யாரு, மிஸ்டர் லயனல் ஆலர்பியா?" என்றார் பாதிரியார், ஒன்றும் தெரியாதவர்.

"இல்லைங்க ஐயா." ரூபன் கோலை ஓங்கி ஊன்றினார். இந்தத் தடவை குரல் கணீரென்று வந்தது. "ரூபன் கார்ஸ்தார்ப். ஊர் சார்பா சொல்றேன். ஆலர்பி!"

"ஆலர்பி!" என்று பின்னால் ஊரே கத்தியது. எல்லாரையும்விட உரக்கக் கத்தியது, ஒரு கையால் பின்புறத்தைப் பிடித்துக்கொண்டிருந்த போக்சன். மணி அடித்தது. ரூபன் கண்ணைத் துடைத்துக்கொண்டு மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"பரவால்ல" என்றாள் ஹெட்டி. அவள் கண்ணும் சரியில்லை. "கோசுகிட்ட சொன்னத விட நல்லாவே சொன்ன."